உச்செள்ளு அரைத்த சாலட் டிரெஸ்ஸிங்: ராயக்கோட்டை அடுப்படியில் செய்து பார்த்தது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தேன்கனிக்கோட்டை, தளி, கெலமங்கலம் பக்கத்து மானாவாரிக் கொல்லைகளில் ராகியைச் சுற்றி ஓரமாக உச்செள்ளு என்கிற எண்ணெய் வித்தைப் போடுவார்கள். ஆடி, ஆவணியில் விதைத்தால் ஐப்பசி வாக்கில் கொல்லை ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். மாடு இந்தச் செடியில் அவ்வளவாக வாய் வைக்காது. அதனால் உள்ளே இருக்கிற ராகிக்கு இதுவே வேலி மாதிரி ஆகிவிடும். தேனீக்கள் வந்தால்தான் நன்றாக விதை பிடிக்கும். கார்த்திகையில் அறுத்துத் தட்டி எடுத்தால் மெலிந்து நீண்ட, பளபளப்பான கறுப்பு விதை கிடைக்கும். விவசாயப் புத்தகங்களில் இதைப் பேயெள்ளு என்று போட்டிருப்பார்கள். எள்ளுக்கும் இதற்கும் உறவு கிடையாது, இது சூரியகாந்திக் குடும்பம். பூர்விகம் எத்தியோப்பிய மலைநாடு. காவேரிப்பட்டணம் பக்கத்தில் பையூரில் இருக்கிற தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இதில் பையூர் 1 என்று ஒரு ரகமே வெளியிட்டிருக்கிறது.

அந்த விதையை வறுத்து அரைத்து, புளி கரைத்து ஊற்றி, பச்சைக் காய்கறிக்கு ஒரு டிரெஸ்ஸிங் செய்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் காலங்காலமாக உச்செள்ளுப் பொடி உண்டு. களிக்குத் தொட்டுக்கொள்ள, ராகி ரொட்டிக்கு, சுடுசோற்றில் நெய்யோடு பிசைய, அவரைக்காய்ப் பொரியலை இறக்கும்போது மேலே தூவ என்று எல்லாவற்றுக்கும் அது வரும். வெயில் காலத்தில் வெள்ளரிப் பிஞ்சையும் வெங்காயத்தையும் நறுக்கி வைத்து, பொடியைப் புளித்தண்ணீரில் குழைத்து மேலே ஊற்றித் தருவார்கள். அதைக் கைப்பழக்கத்தில் செய்வார்களே தவிர அளவு என்று யாரும் சொல்லி வைத்ததில்லை. அந்த அளவைப் பிடிக்க வேண்டும், ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் நோக்கம்.

முதலில் விதை. மளிகைக் கடையில் எப்போதும் கிடைக்கும் பொருள் இல்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தானியக் கடைகளில் கேட்டால் இருக்கும், அல்லது கொல்லை வைத்திருப்பவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம். எனக்கு தளிப் பக்கத்துப் பெரியம்மா வீட்டிலிருந்து வருகிறது. பறவைத் தீனி என்று விற்கிற பாக்கெட்டை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். இந்த விதை இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் பறவைத் தீனியாக ஏற்றுமதி ஆகிறது. கூடவே களை விதை போய் அங்கே முளைத்துவிடக் கூடாது என்பதற்காக அதைச் சூடு காட்டித்தான் உள்ளே விடுகிறார்கள். தீனிக்கென்று பிரித்த விதை சாப்பாட்டுக்கென்று சுத்தம் செய்ததாக இருக்காது.

வாங்கிய விதையில் மண் இருக்கும். களத்தில் அடித்து எடுத்தது, இருக்கத்தான் செய்யும். முறத்தில் புடைத்தால் தூசியும் சருகும் போகும், மணல் போகாது. அதற்கு அரிக்க வேண்டும். அகலமான பாத்திரத்தில் விதையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றினால், லேசான விதை தண்ணீரோடு மேலே எழும், மணல் அடியில் தங்கும். மேலே எழுவதை வடிகட்டியில் சாய்த்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் பாத்திரத்தின் அடியில் விரலை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று தட்டாத வரைக்கும் அரிக்கணும். இதில் அவசரப்பட்டால் பிறகு எத்தனை ருசியாகச் செய்தாலும் முதல் வாயிலேயே பல்லில் கடிபடும். அரித்த விதையைத் துணியில் பரப்பி வெயிலில் காய வைத்து எடுங்கள். ஈரம் இருந்தால் வறுபடாது, வேகும்.

அடுத்தது வறுப்பது. இந்த டிரெஸ்ஸிங்கின் ருசி முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் பிறகு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எள்ளாக இருந்தால் நிறம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். உச்செள்ளு ஆரம்பத்திலேயே கறுப்பு, வறுத்தாலும் கறுப்பு, கருகினாலும் கறுப்பு. பெரியம்மா போனில் சொன்னது ஒரே வரி: “காதை வச்சு வறுக்கணும்பா, கண்ணை நம்பாதே.”

இரும்புச் சட்டியை மிதமாகக் காய வைத்துத் தீயைக் குறைத்து, 50 கிராம் விதையைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்காது. சட்டியில் விதை உரசுகிற சத்தம்தான், வாசனையும் பச்சைப் புல் மாதிரி லேசாக வரும். பிறகு ஒன்றிரண்டு விதை ‘டிக்’ என்று தெறிக்கும். அதற்கு அடுத்த நிமிடம் அது அடுத்தடுத்து வரத் தொடங்கும், சட்டி முழுக்கச் சின்னச் சின்னதாகப் பொரிகிற சத்தம். அந்தச் சமயத்தில் வாசனை புல்லிலிருந்து கொட்டை வாசனைக்கு மாறுகிறது. நாலு விதையை எடுத்து ஆற விட்டு விரலிடுக்கில் நசுக்கிப் பார்க்கணும். வறுபடாத விதை தோல் மாதிரி வளையும். வறுபட்டது பொடிப்பொடியாக உதிர்ந்து விரலில் எண்ணெய்ப் பசையை விட்டுப் போகும். உதிர்ந்தால் அந்த விநாடியே வேறு தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூட்டில் தொடர்ந்து வறுபட்டுக் கசந்துவிடும். எனக்கு 50 கிராமுக்கு ஐந்தாறு நிமிடம் பிடித்தது. உங்கள் அடுப்பும் சட்டியும் வேறு, அதனால் நிமிடத்தை விட்டுவிட்டுச் சத்தத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு மடங்கு விதையை ஒரே தடவையில் போடாதீர்கள். அடியில் இருப்பது கருகும்போது மேலே இருப்பது பச்சையாக இருக்கும்.

அதே சட்டியில் காய்ந்த மிளகாய் மூன்று, தோலோடு பூண்டு ஐந்து பல், அரை ஸ்பூன் சீரகம், ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை. ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெய் விடாமல் வறுத்து எடுத்தேன். பூண்டின் தோல் அங்கங்கே கருகி உள்ளே மெத்தென்று ஆகணும். பச்சைப் பூண்டு போட்டால் அதன் காரம் உச்செள்ளின் வாசனையை அமுக்கிவிடுகிறது.

புளி நெல்லிக்காய் அளவு. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் புளிக்குப் பஞ்சமில்லை. தை கடைசியிலிருந்து பங்குனி வரைக்கும் வீட்டுத் திண்ணை எல்லாம் புளி தட்டுகிற சத்தம்தான். புதுப்புளி, பழம்புளி இரண்டையும் கரைத்துப் பார்த்தேன். குழம்புக்குப் பழம்புளிதான் சரி. இதற்குப் புதுப்புளி. அதில் பழ வாசனை இன்னும் இருக்கிறது, புளிப்பு நேராக நாக்கில் ஏறுகிறது. பழம்புளியில் செய்தது குழம்பு ஆறிப்போன மாதிரி கனமாக நின்றது. பச்சை வெள்ளரிக்கு அந்தக் கனம் ஒத்து வரவில்லை. வெதுவெதுப்பான தண்ணீர் 150 மில்லியில் புளியை ஊற வைத்துக் கரைத்து, சின்னத் துண்டு வெல்லமும் கல்லுப்பும் அதிலேயே போட்டு வடிகட்டி வைத்துக்கொண்டேன்.

இனி அரைப்பது. இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களின் வினிகிரெட் டிரெஸ்ஸிங்கில் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு வினிகர் என்பது பொதுவான கணக்கு. எண்ணெயும் புளிப்புத் தண்ணீரும் தாமாகச் சேராது. அடித்துக் கலக்கினால் கொஞ்ச நேரம் சேர்ந்து நிற்கும், பிறகு பிரிந்துவிடும். அதைப் பிடித்து வைக்க அவர்கள் அரைத்த கடுகு சேர்க்கிறார்கள். நம் உச்செள்ளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். அதாவது 50 கிராம் விதையை அரைக்கும்போது ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் எண்ணெய் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. எண்ணெயைப் பிடித்து வைக்கிற புரதமும் நார்த்தூளும் அதே விதையில் இருக்கின்றன. எனவே தனியாக எண்ணெயும் வேண்டாம், கடுகும் வேண்டாம். எள்ளை அரைத்து ஜப்பானில் செய்கிற டிரெஸ்ஸிங்கும், மேற்காசியாவில் எள் விழுதில் எலுமிச்சை பிழிந்து செய்வதும் இதே வழியில்தான் நிற்கின்றன. எண்ணெய் வித்தை அரைத்துப் புளிப்பில் கரைக்கத் தெரிந்த ஊர்களில் நம் ஊரும் ஒன்று. இதை நினைக்கையில் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

மிக்ஸியின் சின்ன ஜாரில் மிளகாய், சீரகம், கறிவேப்பிலை, கொஞ்சம் கல்லுப்பு போட்டு முதலில் பொடித்தேன். பிறகு உச்செள்ளு. விட்டுவிட்டுச் சுற்ற வேண்டும். ஜாரின் ஓரத்தில் பொடி ஒட்ட ஆரம்பித்தால் எண்ணெய் வெளியே வருகிறது என்று அர்த்தம். களிக்கான பொடி என்றால் அதற்கு முன்னாலேயே நிறுத்தணும். டிரெஸ்ஸிங்குக்கு அந்த இடத்தைத் தாண்டிப் போகணும். தோல் உரித்த பூண்டைப் போட்டு, புளித்தண்ணீர் ஒரு ஸ்பூன் விட்டுச் சுற்றினேன். கெட்டியான கறுப்பு விழுதாகத் திரண்டது. இன்னும் ஒரு ஸ்பூன், ஒரு சுற்று. இப்படி நாலைந்து ஸ்பூன் போனதும் விழுதின் நிறம் கறுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறுகிறது. நிறம் வெளுப்பதுதான் அடையாளம். எண்ணெய் நுண்ணிய துளிகளாக உடைந்து தண்ணீரில் பரவிவிட்டது. அதன் பிறகு மிச்சத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம். எடுத்தவுடன் மொத்தமாக ஊற்றினால் பொடி திட்டுத் திட்டாக மிதக்கும், எவ்வளவு சுற்றினாலும் வழவழப்பு வராது.

அம்மியிலும் அரைத்தேன். வீட்டில் அம்மி இருந்தால் இதற்காகவாவது ஒரு முறை கழுவி எடுங்கள். மிக்ஸியின் பிளேடு வெட்டுகிறது, அம்மிக்குழவி நசுக்குகிறது. எண்ணெய் வித்துக்கு நசுக்குவதுதான் தோது. விதைத்தோல் கொஞ்சம் நொய்நொய்யாக நாக்கில் படும், ஆனாலும் விழுது கூடுதலாக வழவழப்பாக வந்தது. தண்ணீரும் குறைவாகவே பிடித்தது.

டீ வடிகட்டியில் வடித்துத் தோலை நீக்கிப் பார்த்தால் பால் மாதிரி சாம்பல் வெள்ளையில் வருகிறது. பார்க்க அழகு, விருந்தாளிக்கு வைக்கலாம். ஆனால் என் வோட்டு வடிக்காததற்குத்தான். அந்தத் தோல்தூள் இருந்தால்தான் வழுக்குகிற வெள்ளரித் துண்டின் மேல் டிரெஸ்ஸிங் நிற்கிறது. வடித்தது வழிந்து கிண்ணத்தின் அடிக்குப் போய்விட்டது.

பதம் இட்லி மாவைவிட ஒரு பிடி இளக்கமாக, கரண்டியை எடுத்தால் பின்புறம் படிந்து நிற்கிற மாதிரி இருக்கணும். இந்த அளவு நாலு பேருக்குத் தாராளம்.

எந்தக் காய்க்கு எப்படி ஒத்துப் போகிறது என்பதை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். வெள்ளரிப் பிஞ்சுதான் முதல் தரம். ஆனால் உப்புப் பட்டதும் அது தண்ணீர் விடும். அரை மணி நேரம் முன்னால் கலந்து வைத்தால் கிண்ணத்தில் கறுப்புத் தண்ணீர் தேங்கி, காயும் துவண்டுவிடுகிறது. இலையில் வைக்கப் போகிற சமயத்தில் கலப்பதுதான் முறை. வீட்டில் பெரியவர்கள் காயையும் பொடிக் கரைசலையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துப் பரிமாறியதன் காரணம் இதுதான். முன்கூட்டியே கலக்க வேண்டிய கட்டாயம் என்றால், நறுக்கிய வெள்ளரியில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்துவிட்டு, டிரெஸ்ஸிங்கில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பிழிந்த தண்ணீரை மோரில் ஊற்றிக்கொள்ளலாம்.

முள்ளங்கி இரண்டாவது. அதன் காரமும் உச்செள்ளின் லேசான கசப்பும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கேரட் துருவினால் வெல்லம் வேண்டாம். தக்காளிக்கு ராயக்கோட்டையில் சொல்லவே வேண்டாம், மண்டி இங்கேயே இருக்கிறது. ஆனால் தக்காளியே புளிப்பு, அதனால் புளியைப் பாதியாக்கணும். விதைப் பகுதியை நீக்கிக் கெட்டிச் சதையை மட்டும் நறுக்கினால் நன்றாக இருக்கிறது. முட்டைக்கோசுக்கு வடித்த டிரெஸ்ஸிங் பொருந்தியது, அது ஒன்றுக்குத்தான் வடிக்கலாம் என்பேன்.

கொள்ளு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முளை கட்டிய கொள்ளைப் பச்சையாகப் போட்டால் பல்லுக்குக் கடினம். இட்லித் தட்டில் ஆவியில் கொஞ்சம் வேக வைத்து, சூடு ஆறும் முன்னே டிரெஸ்ஸிங்கைக் கலந்தால் கொள்ளு அதை உறிஞ்சிக்கொள்கிறது. மேலே பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கொத்தமல்லித் தழை. இரண்டு களி உருண்டைக்குப் பக்கத்தில் இதை வைத்தால் வேறு எதுவும் தேவைப்படாது. மார்கழி, தையில் அவரை வரத்து இருக்கும்போது பிதுக்குப் பருப்பை, அதாவது ஊற வைத்துத் தோல் பிதுக்கிய அவரை விதையை, வேக வைத்து இதே மாதிரி செய்யலாம். என்னைக் கேட்டால் இந்த டிரெஸ்ஸிங்கின் உச்சம் அதுதான்.

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டில் இதன் இடம் என்ன என்று பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். பச்சைக் காய் என்றதும் இங்கே எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கோசம்பரி. ஊற வைத்த பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், எலுமிச்சை, மேலே கடுகும் பெருங்காயமும் தாளித்தது. ஸ்ரீராம நவமிக்குப் பானகம், நீர்மோரோடு கோசம்பரி இல்லாமல் இருக்காது. கல்யாண இலையிலும் அதற்கு ஓர் ஓரம் உண்டு. அதில் பூண்டு சேராது, சேரவும் கூடாது, சாமிக்குப் படைப்பது. அங்கே டிரெஸ்ஸிங் என்றால் எலுமிச்சையும் தாளிப்பு எண்ணெயும்தான். உச்செள்ளுக் கரைசலோ பூண்டும் புளியும் போட்ட கொல்லைச் சாப்பாடு. களியோடும் ராகி ரொட்டியோடும் போவது, கோயில் பக்கம் போகாது. ஒரே வீட்டில் இரண்டும் இருக்கும், ஒன்றின் இடத்துக்கு மற்றது வராது. கோசம்பரியில் உச்செள்ளைக் கலந்து புதுமை செய்யலாமே என்று கேட்டவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பாசிப்பருப்பின் மென்மையான ருசி அதில் அடிபட்டுப் போகும்.

கர்நாடகத்தின் வடபகுதியில் சோள ரொட்டியோடு இதே விதையின் சட்னிப் பொடியையும் தயிரையும் பச்சை வெங்காயத்தையும் வைத்துச் சாப்பிடுகிறார்கள். மகாராஷ்டிரத்திலும் இதற்குப் பூண்டு போட்ட உலர் சட்னி உண்டு. தயிர் சேர்க்கிற யோசனையை அங்கிருந்து எடுத்து, புளிக்குப் பதிலாகக் கெட்டித் தயிரில் விழுதைக் கலந்து பார்த்தேன். குழந்தைகள் அதைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குப் புளி போட்டதே போதும்.

மாங்காய்க் காலத்தில் இன்னொரு வழி இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெங்களூரா மரத்துக்குக் குறைவில்லை. மாங்கூழ் ஆலைகளுக்குப் போவதில் பெரும்பங்கு அந்த ரகம்தான். அதன் காய் பச்சையாக இருக்கும்போது மொறுமொறுப்பு, புளிப்பும் அளவாக இருக்கும். முக்கால் பருவக் காயைத் துருவி, புளித்தண்ணீருக்குப் பதிலாகத் துருவலோடு சேர்த்தே உச்செள்ளை அரைத்தால், டிரெஸ்ஸிங் கெட்டியாக, பச்சை வாசனையோடு வருகிறது. வெல்லத்தை அரைத் துண்டு கூட்டணும். வெங்காயம் மட்டும் நறுக்கி இதில் புரட்டினால் போதும். எலுமிச்சையும் பிழிந்து பார்த்தேன், அது உச்செள்ளோடு அவ்வளவாக ஒட்டவில்லை. வாசனை இரண்டும் இரண்டு திசையில் இழுக்கின்றன.

வைத்திருக்கும் முறை: அரைத்த டிரெஸ்ஸிங் பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். ஆறியதும் கெட்டியாகும், ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கலக்கினால் பழைய பதம் வந்துவிடும். பொடியாக வைத்தால் இரண்டு மூன்று வாரம், அதற்கு மேல் வேண்டாம். உச்செள்ளு எண்ணெய் காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும் வகை. பாட்டிலைத் திறந்ததும் பெயிண்ட் மாதிரி வாசனை அடித்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வறுக்காத விதையை நன்றாகக் காய வைத்து டப்பாவில் மூடி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே விதையாக வாங்கி வைத்து, வேண்டிய அன்றைக்கு வேண்டியதை மட்டும் வறுத்துக்கொள்வதே நல்லது.

கொல்லை ஓரத்தில் உச்செள்ளு போடுகிறவர்கள் எனக்குத் தெரிந்த ஊர்களில் குறைந்து வருகிறார்கள். ரோஜாவும் குடைமிளகாயும் பசுமைக்குடிலுமாக நிலம் மாறிக்கொண்டிருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வாங்க ஆள் இருந்தால் ஓரத்தில் நாலு சால் போட யாரும் தயங்குவதில்லை. பெரியம்மா வீட்டில் இந்த ஆடிக்கு எனக்கென்று சேர்த்து விதைக்கச் சொல்லியிருக்கிறேன். பக்கத்துக் கொல்லைக்காரரும் விதை கேட்டு வாங்கிப் போயிருக்கிறாராம்.